வெறுங்கடுதாசி

பி.ஏ. முடித்த கையோடு டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டும் பாஸ் பண்ணியிருந்தேன். விரல் வேகத்தில் எனக்கு நிகர் தஞ்சாவூரிலேயே கிடையாது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம். அந்தத் திமிரோடுதான் தஞ்சாவூரிலேயே ஒரு பண்ணை ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன்.

முதலாளி மெட்ராஸில் இருந்தார். வலங்கைமான் பக்கத்தில் அவருக்கு நிலம், இரண்டு தென்னந்தோப்பு, மீன் விடுகிற ஒரு குளம், டவுனில் நாலு கடை. எல்லாவற்றையும் குத்தகைக்கும் வாடகைக்கும் விட்டிருந்தார். அவர் சார்பில் எல்லாம் பார்த்துக்கொண்டவர் காரியஸ்தர். வயது அறுபது இருக்கும். கறுப்பு பிரேம் கண்ணாடி, நெற்றியில் ஒரு கோடு சந்தனம். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், நம் சட்டைப் பையைப் பார்த்துப் பேசுவார்.

என் வேலை கடிதம் எழுதுவது. யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எதைப் புதுப்பிக்கிறோம், எதை விடுகிறோம் என்று அந்தந்த ஆளுக்கு ரிஜிஸ்தர் தபாலில் தெரிவிக்க வேண்டும். நிலக் குத்தகை மட்டும் பசலிக் கணக்கு. பசலி என்பது நிலவரிக்கான வருஷம், ஜூன் கடைசியில் முடியும். முடிவதற்கு முன்னால் கடிதம் போனால் குத்தகைக்காரர் ஆபீசுக்கு வந்து முச்சலிக்காவில், அதாவது குத்தகை ஒப்பந்தத்தில், மறுபடி கையெழுத்துப் போடுவார். இன்னும் மூன்று வருஷத்துக்கு நிலம் அவர் கையில்.

பழைய கடிதங்களின் நகல் கட்டை எடுத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மேலே ஒரு பிள்ளையார் சுழி. அடுத்த வரியில் "சுபம்". அதற்கப்புறம் "தங்கள் குத்தகை இந்தப் பசலியில் நிறைவு பெற்று மேலும் வளர்வதாகுக". வளர்வதாகுக! குத்தகை என்ன கீரைப் பாத்தியா? போதாததற்கு, கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள். காரியஸ்தர் மேஜையில் ஒரு தகர டப்பாவில் குழைத்த மஞ்சள் இருக்கும். கடிதத்தை மடிக்கும் முன் அவரே ஆள்காட்டி விரலால் மூலைக்கு ஒரு பொட்டு வைப்பார், கவரின் மூலைகளிலும் வைப்பார்.

"சார், இது கடிதமா கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டேன்.

"ஏன்யா?"

"இதெல்லாம் பிசினஸ் லெட்டர் சார். கோர்ட்டுக்குப் போனா ஜட்ஜ் சிரிப்பாரு. தேதி, சர்வே நம்பர், காலாவதி ஆகுற நாள், புதுப்பிக்கிற நிபந்தனை. அவ்வளவுதான் இருக்கணும். மஞ்சள், சுழி, சுபம் இதெல்லாம் மூடநம்பிக்கை. யாரு ஆட்சியில இருக்காங்கன்னு பாருங்க சார். இன்னமும் மஞ்சளத் தடவிக்கிட்டு!"

கல்லூரியில் பகுத்தறிவு மன்றத்தில் செயலாளராக இருந்தவன் நான். ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் பேசினேன். காரியஸ்தர் என் சட்டைப் பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மஞ்சள் டப்பாவை மூடி டிராயருக்குள் வைத்தார்.

"வேணாங்கிற? சரி. வேணாம்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் ஜெயித்தவன் எதற்கு யோசிக்க வேண்டும்?

அந்த வருஷம் முடிவுக்கு வந்தது ஒரே ஒரு நிலக் குத்தகை. வலங்கைமானுக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கிப் போகிற ஊரில் இரண்டு ஏக்கர். குத்தகைக்காரர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அவருடைய அப்பா பண்ணையாளாக இருந்து உழுத அதே நிலத்தில் மகன் குத்தகைக்காரர் ஆகியிருந்தார். நான் சுத்தமாக, அழகாக, மூன்று பத்தியில் டைப் அடித்தேன். முதல் பத்தி: "தங்கள் குத்தகை இப்பசலியோடு காலாவதியாகிறது என்பதை இதன் மூலம் அறிவிக்கிறோம்." இரண்டாவதில் சர்வே நம்பரும் சட்டப் பிரிவும். மூன்றாவதில், நேரில் வந்து கையெழுத்திட்டுப் புதுப்பித்துக்கொள்ளும்படி. அப்பழுக்கில்லாத வெள்ளைத் தாள். ஒரு தப்புக் கிடையாது. வைகாசி கடைசியில் தபாலில் சேர்த்தேன்.

நாலு நாளில் கையெழுத்தோடு அக்னாலெட்ஜ்மென்ட் அட்டை திரும்பி வந்தது. அட்டை நனைந்து காய்ந்திருந்தது.

ஓரம் எல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்து, கையெழுத்து ஊறிப் பரவி, நீலமாக ஒரு கறையாகியிருந்தது. அந்த வாரம் ஒரு சொட்டு மழை இல்லை. தபால்காரர் வியர்வையாக இருக்கும் என்று ஃபைலில் போட்டுவிட்டேன்.

மற்ற தடவைகளில் கடிதம் கிடைத்த இரண்டாம் நாள் ஆள் வந்து நிற்பாராம். இந்த முறை வரவில்லை. வாரம் போனது. மேட்டூர் தண்ணீர் வந்துவிட்டது, புதாற்றில் சிவப்பாக ஓடுகிறது என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அப்போதும் வரவில்லை.

"சார், ஆளக் காணுமே?"

"வரமாட்டான்" என்றார் காரியஸ்தர், பேப்பரைப் படித்துக்கொண்டே.

"ஏன் சார்?"

"வரமாட்டான்னா வரமாட்டான். நீ ஒரு ரிமைண்டர் போடு. அதே மாதிரி போடு. நல்லா இருந்துச்சு ஒன் லெட்டரு."

அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. ஆனியின் நடுவில் இரண்டாவது கடிதம் போனது. இன்னும் சுருக்கமாக, இன்னும் விறைப்பாக எழுதினேன். நாலாம் நாள் அட்டை வந்தது. அதுவும் நனைந்து காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். ஆற்றுத் தண்ணீர் வாடை, வண்டல் வாடை. பகுத்தறிவு மன்றச் செயலாளர் ஒரு போஸ்ட் அட்டையை முகர்ந்துவிட்டு அதைத் தொட்ட விரலைப் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காரியஸ்தர் ஒரு டிராப்ட் கொடுத்தார். தாலுகா ஆபீசுக்கு. மேற்படி குத்தகைக்காரர் தாமாகவே நிலத்தை விட்டு விலகிவிட்டார், குறுவைக்கு நாற்று நடவில்லை, ஆகவே அவர் பெயரைக் குத்தகைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும்.

"விலகிட்டாரா? எப்ப சார்?"

"நட்டானா? நடல. கையெழுத்துப் போட்டானா? போடல. இப்ப இருக்கிற சட்டத்துல குத்தகைக்காரன் மேல நம்ம கை வைக்க முடியாதுய்யா. ஊரு பூரா கொடிய நட்டுக்கிட்டு நிப்பானுங்க. அவனா போனா யாரு என்ன கேக்குறது? டைப் பண்ணி வையி. தேதி போடாத. ஆனி முடியட்டும்."

டைப் பண்ணி வைத்தேன். ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒருவன் அப்பன் காலத்து நிலத்தைச் சும்மா விட்டுவிட்டுப் போவானா? அதுவும் புதுப்பித்துக்கொள் என்று கூப்பிட்டும்? ஞாயிறு காலை வலங்கைமான் பஸ் ஏறினேன்.

இறங்கியபோது உச்சிப் பொழுது. குடமுருட்டிக் கரையை விட்டு வயலுக்குள் இறங்கினால் இரண்டு பக்கமும் நடவு. முழங்கால் சேற்றில் வரிசையாகப் பெண்கள் குனிந்து, ஒரே குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் வந்ததும் பாட்டு நின்றது. நின்றதோடு சரி, யாரும் நிமிரவில்லை. நான் கடந்து போகிற வரைக்கும் கை மட்டும் சேற்றில் முங்கி எழும் சத்தம். எதிரே நாற்றுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த ஆள் என்னைப் பார்த்தார், தோளில் தொங்கிய ஆபீஸ் பையைப் பார்த்தார், அப்படியே வரப்பை விட்டுச் சேற்றில் இறங்கி நின்றுகொண்டார். பாடை வரும்போதுதான் எங்கள் பக்கம் அப்படி இறங்கி நிற்பார்கள்.

"அண்ணே, ஏன் எறங்குறீங்க? வாங்க."

"நீங்க போங்க தம்பி. நீங்கதானே அந்த வெறுங்கடுதாசி?"

எனக்கு அந்த வார்த்தை விளங்கவில்லை. விளங்காமலே நடந்தேன்.

நிலத்தை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. சுற்றிலும் தண்ணீரும் பச்சையுமாக இருக்க, நடுவே இரண்டு ஏக்கர் வறண்டு வெடித்துக் கிடந்தது. வாய்க்கால் மடையில் யாரும் கை வைக்கவில்லை. ஒரு மூலையில் நாற்றங்கால் மட்டும் இருந்தது. கடிதம் போவதற்கு முன்னால் விதைத்தது. நாற்று பிடுங்க ஆளில்லாமல் முழங்கால் உயரம் முற்றி, கரும்பச்சையாய், காற்றே இல்லாத உச்சியில் அசையாமல் நின்றது. பக்கத்து வயல்களில் எல்லாம் கொக்கு. இதில் ஒன்று இல்லை. உழாத நிலத்தில் புழு வராது, புழு இல்லாத இடத்தில் கொக்குக்கு என்ன வேலை என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். சத்தமாகச் சொன்னது தப்பு. என் குரல் எனக்கே அன்னியமாகக் கேட்டது.

தெரு வயலை ஒட்டித்தான் இருந்தது. சுவரில் சுண்ணாம்பில் சிலுவை போட்ட வீட்டு வாசலில் அவர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். திடமான ஆள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. உச்சி வெயிலில் அந்த நேரத்துக்கு யாரும் குளிக்க மாட்டார்கள். வரப்பில் என்னைப் பார்த்துவிட்டுத்தான் அவர் போய் முழுகிவிட்டு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"வாங்க தம்பி" என்றார். குரலில் கோபமே இல்லை. "இன்னொரு கடுதாசியா? நேர்லயே கொண்டாந்துட்டீங்களா? அட்டைய ஈரக் கையோட புடிச்சுட்டேன் ரெண்டு தடவையும். மன்னிச்சுக்குங்க. போஸ்ட்மேன் மறுநாள் வந்து வாங்கிக்கிறேன்னுதான் குடுத்துட்டுப் போவாரு. முழுகிட்டு வந்து கையெழுத்துப் போடுறதுக்குள்ள நனஞ்சுருது."

"அண்ணே, நான் எழுதினது புதுப்பிக்கச் சொல்லித்தானே! மூணாவது பாராவுல பாக்கலியா? நீங்க படிப்பீங்கதானே?"

"பைபிள் வாசிப்பேன். கோயில்ல வாசகம் நாந்தான். மூணாவது வரைக்கும் போவல தம்பி. மொத வரியிலேயே காலாவதின்னு போட்டிருந்துச்சு. மூலையப் பாத்தேன். வெறுங்கடுதாசி. வாசல்லயே கிழிச்சுட்டுப் போய்த் தல முழுகிட்டேன்."

எழவுச் சேதி வரும் கடிதத்தில்தான் மஞ்சள் இருக்காது. அதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலில் படித்துக் கிழித்துவிட்டு முழுகுவார்கள். இது எனக்கும் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

"அண்ணே, நீங்க வேதக்காரங்க. மஞ்சளுக்கெல்லாம் பயப்படலாமா?"

அவர் சிரித்தார். ஈரத் தலையோடு அந்தச் சிரிப்பு.

"மஞ்சளுக்கு எவன் பயந்தான்? எங்க அப்பாரு காலத்துல பண்ணையிலேருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. மறுநா எங்க வீட்டப் பிரிச்சுப் போட்டாங்க. தெருவே கொடியத் தூக்கிட்டு நின்னுச்சு, ரெண்டு பக்கமும் மண்டை ஒடஞ்சுது. கடைசியில பேசி முடிச்சப்ப, எங்க அப்பாரு கேட்டது ஒண்ணுதான். எங்கள வச்சுக்கிறதா இருந்தா கடுதாசியில மஞ்சள வச்சு அனுப்புங்க. வேணாம்னா வெறுங்கடுதாசி போடுங்க. வந்தா சண்ட சச்சரவு இல்லாம நாங்களே தல முழுகிட்டுப் போயிடுறோம். வீட்டப் பிரிக்க ஆளு அனுப்பாதீங்க. அப்படின்னாரு. அவங்களும் சரின்னாங்க. எழுத்துல கெடையாது, வாக்குதான். ஒங்க காரியஸ்தரு அன்னைக்குப் பக்கத்துல நின்னாரு, சின்ன வயசு அவருக்கு. ஒவ்வொரு தடவையும் அவரு கையாலதான் மஞ்சள் வரும்."

டிராயருக்குள் போன தகர டப்பாதான் நினைவுக்கு வந்தது. "வேணாங்கிற? சரி. வேணாம்."

"அண்ணே, நான் தெரியாம செஞ்சது. இப்பவே போய் அடிச்சுக் கொண்டாறேன்..."

"முழுகுனது முழுகுனதுதான் தம்பி. ஒருத்தர் வாக்குல எங்கள இருக்க விட்டாங்க. அதே வாக்குல போறோம். நான் அந்த நெலத்துல காலு வச்சா எங்க அப்பாரு பேசுனது பொய்யாயிடும்."

அப்போதுதான் கையில் பையோடு ஒரு பெண் தெருவுக்குள் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய களைப்பு. அவர் மனைவி. நீடாமங்கலத்தில் தங்கைக்குப் பிரசவம் பார்க்கப் போய் ஒரு மாதம் கழித்து வருகிறாள். புருஷனின் ஈரத் தலையையும், என் பையையும் பார்த்தாள்; திரும்பி, காய்ந்த வயலையும் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவளுக்கே தெரிந்துவிட்டது.

"வெறுங்கடுதாசியா?"

"ஆமா" என்றார் அவர். "முழுகியாச்சு."

"யாரு முழுகுனா?"

"நாந்தான்."

"நான் முழுகல" என்றாள். பையை வாசலில் வைத்தாள். "வாக்குக் குடுத்தது ஒங்க அப்பா. முழுகுனது நீங்க. என்னைய யாரு கேட்டா? இருவது வருஷம் அந்தச் சேத்துல நின்னது இந்தக் காலும்தான்."

"வேணாம் புள்ள."

"நீங்க வராதீங்க. ஒங்க வாக்கு ஒங்களோட."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக வாய்க்காலுக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். மடையை அடைத்திருந்த மண்ணைக் கையால் வழித்து எறிந்தாள். தண்ணீர் வந்தது. வந்து வயல் ஓரத்தில் ஒரு கணம் தயங்கி நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், நின்றது. பிறகு முதல் வெடிப்பில் விழுந்து, நிலம் உறிஞ்சுகிற சத்தம். அடியில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி. அவள் நாற்றங்காலில் இறங்கி முற்றிய நாற்றை முதல் பிடி பிடுங்கினாள். வேரோடு வரும்போது துணி கிழிகிற சத்தம் கேட்டது.

அவர் வரப்பு வரைக்கும் வந்து நின்றார். அவள் முதல் நாற்று முடியைக் கட்டி அவரிடம் நீட்டினாள், பழக்கத்தில். அவர் கையை நீட்டவில்லை. அவள் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு முடியைத் தண்ணீரில் வைத்துவிட்டு அடுத்த பிடிக்குக் குனிந்தாள். அவருடைய நிழல்கூட வயலில் விழாதபடி ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை காரியஸ்தரிடம் போய் நின்றேன்.

"ஒங்களுக்குத் தெரியும்ல சார்? அன்னைக்கு ஏன் சொல்லல?"

"நீதானேய்யா பகுத்தறிவு. நான் எதுக்கு எடஞ்சலு?"

"அந்தம்மா நட்டுட்டாங்க. அவங்க பேருக்கு முச்சலிக்கா போடணும்."

முதல் முறையாக அவர் என் முகத்தைப் பார்த்தார். "புதுசா ஒருத்தர் பேருக்குப் போட மாட்டேன். குத்தகைக்காரன் செத்தாத்தான் பொண்டாட்டி பேருக்கு மாத்துறது. அப்படித்தான் நம்ம ரிஜிஸ்தர்ல ஃபாரமே இருக்கு. காலஞ்சென்ற இன்னாரின் மனைவி. அவன் செத்துட்டானா? இல்லேல்ல? போ."

இதை அவர்களிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் புதன்கிழமை அவர்கள் இருவரும் ஆபீசுக்கு வந்துவிட்டார்கள். அந்தம்மாவின் விரல் இடுக்கில் சேறு காய்ந்திருந்தது. நடவு முடிந்துவிட்டதாம், தெருப் பெண்கள் எல்லாம் இறங்கி ஒரே நாளில் முடித்தார்களாம். காரியஸ்தர் எனக்குச் சொன்னதையே அவர்களிடமும் சொன்னார், கொஞ்சம் சிரித்துக்கொண்டே. இதோடு எழுந்து போய்விடுவார்கள் என்ற நம்பிக்கை அவர் சிரிப்பில் தெரிந்தது.

அந்தம்மா புருஷனைப் பார்த்தாள்.

அவர் என் மேஜைப் பக்கம் வந்தார். "போட்டுருங்க தம்பி."

"என்னண்ணே?"

"காலஞ்சென்றன்னு. அந்த நெலத்தப் பொறுத்தவரைக்கும் சரிதானே?"

மெஷினில் தாளையும் இரண்டு கார்பனையும் செருகினேன். தமிழ் ஹையர் பாஸ் பண்ணிய என் விரலுக்கு அந்த ஒரு வார்த்தையில் எழுத்து எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, தன் பெயர் வந்த இடத்தில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு என் காதில் பட்டது.

அந்தம்மா கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டும். அவள் புருஷனே பேனாவை எடுத்தார், "இங்கயா?" என்று கேட்டு, மேலே காலஞ்சென்றவர் என்று இருந்த அதே பெயரைக் கீழே சாட்சி என்று எழுதினார். காரியஸ்தர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் குத்தினார். என் டிராயரில் தேதி போடாமல் கிடந்த தாலுகா கடிதத்தை நான் அவர் கண் முன்னாலேயே கிழித்தேன்.

டீக்கடைப் பையன் எட்டிப் பார்த்தான். காரியஸ்தர் விரலை மடக்கி எண்ணினார். "அந்தம்மாவுக்கு ஒண்ணு, நம்ம டைப்பிஸ்ட்டுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. மூணு கொண்டா."

அறையில் நாலு பேர் இருந்தோம். அவர் வேண்டுமென்று சொன்னாரா, வாய் தானாகவே அப்படி வந்துவிட்டதா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

டீ வந்ததும் என் கிளாஸை அந்தம்மாவின் புருஷனிடம் நீட்டினேன். இந்த முறை கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கொதிக்கக் கொதிக்க இருந்தது போலிருக்கிறது. ஜன்னலோரம் நின்று, ஊதி ஊதிக் குடித்தார்.